லேப்டாப்போடு காசிக்குப் போகிறவனுக்கு

அன்புள்ள மாப்ள,

உன் மெயில் வந்தது. பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்திய படங்களையும் பார்த்தேன். அழும்போதுகூட மூக்கு உன்னைப் போலவே இருக்கிறது, பாவம் பிள்ளை. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் இருக்கிற ஒட்டடையெல்லாம் அவர் கண்ணில் படுகிறது, என் வீட்டுக்காரிக்கு நிம்மதி போச்சு. எனக்கு அதே இன்சூரன்ஸ் சர்வே வேலைதான். எங்கே லாரி கவிழ்ந்தாலும், எங்கே குடோன் எரிந்தாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியது, அன்று ராத்திரியே லாட்ஜில் உட்கார்ந்து போட்டோக்களை ஏற்றி அனுப்ப வேண்டியது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காசி, பிரயாகை, டெல்லியில் மகள் வீடு, அப்படியே காஷ்மீர் என்று பெரிய சுற்றாகப் போட்டிருக்கிறாய். நல்லது. கடைக்காரர்களின் ஜிஎஸ்டி கணக்கை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது, அதனால் லேப்டாப்பில் செருகி நெட் எடுக்க எந்த டாங்கிள் வாங்கலாம் என்று கேட்கிறாய். எதுவும் வாங்காதே. தங்கச்சி போன வருஷம் புதுப் போன் வாங்கியபோது பழைய போனை என்ன செய்தாய்? எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை என்றால் உன் டாங்கிள் அதுதான். அதில் ஒரு புது சிம் போட்டு, ஹாட்ஸ்பாட் போட்டுப் பையில் வைத்துக்கொள்.

அலமாரியில் கிடக்கும் அந்தப் பழைய ஃபோட்டான் டாங்கிளைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது சிடிஎம்ஏ என்ற பழைய செல்போன் நெட்வொர்க் காலத்துச் சரக்கு. அந்த நெட்வொர்க்கே இப்போது கிடையாது, அதில் எந்த சிம்மும் உயிர் கொடுக்காது. பேரன் விளையாடட்டும்.

புது டாங்கிளை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், முதலில் இடப் பிரச்சினை. உன் லேப்டாப்பில் யூஎஸ்பி துளை இரண்டுதான் என்று ஞாபகம். நீ கணக்குப் பார்க்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகாமல் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட முடியாது. அது ஒன்று, மவுஸ் ஒன்று, தீர்ந்தது. டாங்கிளை எங்கே செருகுவாய்? கையடக்க வைஃபை பெட்டி வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கம்பெனிகள் விற்கும் பெட்டி பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனி சிம்முக்கு மட்டும்தான் வேலை செய்யும். போகிற ஊரில் அந்தக் கம்பெனிக்கு டவர் இல்லையென்றால் அது வெறும் பெட்டி. பழைய போனுக்கு இந்தப் பூட்டெல்லாம் கிடையாது, எந்த சிம்மையும் ஏற்கும். திரை இருப்பதால் சிக்னல் எவ்வளவு, டேட்டா எவ்வளவு மிச்சம் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனி: பின்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி போச்சு என்று அர்த்தம். அந்தப் போனைத் தொடாதே, ரயிலில் கொண்டுபோகவும் வேண்டாம்.

உன் சொந்தப் போனிலேயே இரண்டாவது சிம் போட்டால் போதாதா என்பாய். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவனுக்குப் போதும். உனக்கு நாள் முழுக்கக் கடைக்காரர்கள் போன் செய்வார்கள். பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். ரிட்டர்ன் பாதியில் இருக்கும்போது மளிகைக் கடை அண்ணாச்சி கூப்பிட்டு, "கட்டியாச்சா தம்பி?" என்று கேட்பார். அவர் கேட்கிற நேரம் பார்த்துத்தான் உனக்கு நெட் நின்றிருக்கும். சில போன்களில் பேசும்போது மட்டும் டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. இருந்தாலும் நெட்டுக்குத் தனிப் போன் என்பதே நிம்மதி.

இப்போது எந்தக் கம்பெனி? உன் கையில் இருப்பது எதுவோ அது வேண்டாம், வேறு ஏதாவது. ஜியோ வைத்திருக்கிறாய் என்றால் ஏர்டெல், ஏர்டெல் என்றால் ஜியோ. ஒரே கம்பெனியில் இரண்டு சிம் வாங்கினால், ஒன்றுக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் மற்றதற்கும் இருக்காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் மகன் நீ, பிஎஸ்என்எல்லை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று தெரியும். அவர்களும் 2025 செப்டம்பரில் நம் நாட்டுத் தொழில்நுட்பத்திலேயே 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கிவிட்டார்கள். வேண்டுமானால் எடு. ஆனால் எதை எடுத்தாலும் கிளம்புவதற்கு முன்னால் ஊரிலேயே சில நாள் அதில் வேலை பார்த்துவிடு. விளம்பரத்தில் வருகிற வேகத்தைப் பார்க்காதே. ஜிஎஸ்டி தளத்துக்குத் தேவை கொஞ்சம் டேட்டா, அறுந்துபோகாத இணைப்பு, அவ்வளவுதான். கம்பெனிகளின் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் இருக்கிறது, பார்த்துக்கொள். ஆனால் அது தெருவைச் சொல்லும், உன் அறையைச் சொல்லாது.

இந்த இடம்தான் முக்கியம், காபியை வைத்துவிட்டுப் படி. உனக்கு நெட்டைவிடப் பெரிய தலைவலி ஓடிபி. சில கடைகளுக்கு உன் நம்பரைத்தானே பதிவு செய்து வைத்திருக்கிறாய்? ரிட்டர்ன் போட்டாலும், சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் தளத்துக்குள் போனாலும் ஓடிபி அந்த நம்பருக்கு வரும். அந்த நம்பர் ப்ரீபெய்ட் என்றும் எழுதியிருக்கிறாய். வெளிமாநிலத்து ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலையே செய்யாது. போனும் இல்லை, எஸ்எம்எஸ்ஸும் இல்லை. பாதுகாப்புக் காரணத்துக்காக அப்படி ஒரு கட்டுப்பாடு. போஸ்ட்பெய்ட் என்றால் வேலை செய்யும். லாட்ஜில் எவ்வளவு நல்ல வைஃபை கொடுத்தாலும் ஓடிபி வராமல் நீ என்ன செய்வாய்?

அதனால் உன் நம்பரை இப்போதே போஸ்ட்பெய்டுக்கு மாற்று. நம்பர் மாறாது. கிளம்புகிற வாரத்தில் வைத்துக்கொள்ளாதே, ஏனென்றால் சிம் கார்டையே மாற்ற வேண்டிவந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடிக்காரர்களைத் தடுக்க வைத்த விதி, நல்ல விதிதான், ஆனால் ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி அன்று அது நமக்கு எதிரி. வேறு கம்பெனிக்கு போர்ட் செய்வதாக இருந்தால் அதற்கும் சில நாள் ஆகும், ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள். ஹாட்ஸ்பாட் போனில் போடுகிற சிம் ப்ரீபெய்டாகவே இருக்கட்டும். டெல்லி வரைக்கும் அது ஓடும். காஷ்மீரில் உன் போஸ்ட்பெய்டையே ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்.

இன்னொன்று. அங்கே நிலைமை சரியில்லை என்றால் அரசே நெட்டை நிறுத்திவிடும். 2019 ஆகஸ்ட்டில் நிறுத்திய 4ஜி 2021 பிப்ரவரியில்தான் முழுசாகத் திரும்பியது. அதனால் 11ஆம் தேதி விற்பனைக் கணக்கு ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி, இரண்டையும் டெல்லியில் மகள் வீட்டில் உட்கார்ந்து முடித்துவிட்டு, அதற்கப்புறம் காஷ்மீர் போகிற மாதிரி டிக்கெட்டைப் போடு. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். பணம் போனால் பரவாயில்லை, அண்ணாச்சிகளிடம் வாங்குகிற பேச்சு இருக்கிறதே!

டேட்டா அளவுக்கு வருகிறேன். தினம் 2 ஜிபி திட்டம் உன் வேலைக்குத் தாராளம். அதைத் தின்பது நீ இல்லை, உன் லேப்டாப். போனின் ஹாட்ஸ்பாட்டைப் பார்த்ததும் வீட்டு பிராட்பேண்ட் என்று நினைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பித்துவிடும். நடுவில் ஒன்டிரைவ் வேறு பேரன் படங்களை ஏற்றும். ஒரு மணி நேரத்தில் அன்றைய கணக்கு காலி. அப்புறம் வேகம் 64 கேபிபிஎஸ். அதாவது ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல். ஜிஎஸ்டி தளம் அதற்குள் உன்னை வெளியே தள்ளிவிடும். இதற்கு மருந்து ஒரே ஒரு பொத்தான்: லேப்டாப்பின் வைஃபை செட்டிங்கில் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டால் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று வரும், அதை ஆன் செய். அப்டேட் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்டிரைவை நீயே நிறுத்திவை. வரம்பில்லா 5ஜி இருக்கிறதே என்று இருந்துவிடாதே. அது எல்லாத் திட்டத்திலும் கிடையாது, 4ஜிக்கு இறங்கிய இடத்தில் மறுபடி தினசரிக் கணக்கிலிருந்துதான் போகும்.

ரயிலில் வேலை பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு எழுதும் டேலியில் பதிவு போடு, பில்களைச் சரிபார், நெட் தேவைப்படாத எதையும் செய். ரிட்டர்னில் மட்டும் கை வைக்காதே. காசித் தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸில்தானே போகிறாய்? பல்ஹார்ஷா பக்கமும் நாக்பூர் தாண்டி இடார்சி வரைக்கும் காடும் மலையும்தான். நான் போனபோது இரண்டு கம்பெனி சிம்மும் மாறி மாறிக் கைவிட்டன. ஏசி பெட்டியின் இரும்பு உடம்பும் கண்ணாடியும் இருக்கிற சிக்னலையும் தடுக்கும், போனை ஜன்னலை ஒட்டி வை. வண்டி நிற்கும் பெரிய ஸ்டேஷன்களில் ரயில்வேயின் ரெயில்டெல் வைஃபை இருக்கிறது, நாளுக்கு முதல் அரை மணி இலவசம். மெயில் பார்க்க அது போதும்.

காசியில் அனுமன் கட்டம் பக்கம் தங்குவதாக இருந்தால் அறையைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள். அந்தச் சந்துகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும், சுவர் ஒவ்வொன்றும் முழத்துக்கு மேல். நான் தங்கிய அறையில் போனில் சிக்னல் அளவு மைனஸ் 115 காட்டியது. அந்த எண்ணை செட்டிங்கில் 'அபவுட் போன்' போய் சிம் ஸ்டேட்டஸில் பார்க்கலாம். பூஜ்யத்துக்குப் பக்கமாக வர வர நல்லது. மைனஸ் 90 என்றால் ஜம்மென்று ஓடும், 110ஐத் தாண்டினால் இழுக்கும். கோடு எத்தனை என்று எண்ணுவதைவிட இதை நம்பலாம். மொட்டைமாடிக்குப் போனால் அதே போன் 88 காட்டியது. ஆனால் அங்கே குரங்குகள் ஆட்சி. லேப்டாப்பை அறையில் வைத்துவிட்டு, போனை மட்டும் மாடிப்படி ஜன்னலில் கம்பிக்கு உள்பக்கமாக வைத்து, அங்கிருந்து ஹாட்ஸ்பாட் இழுத்தேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குடோன் தீ விபத்துப் படங்கள் அத்தனையும் போய்ச் சேர்ந்தன. காவலுக்கு விடுதிப் பையன் ஒருவனை உட்கார வைத்திருந்தேன். நீ சார்ஜர் ஒயரை நீளமாக வாங்கிக்கொள், போனை ஜன்னலில் வைத்தபடியே சார்ஜ் போடலாம். டோக்கன் தேவைப்படாத நேரத்தில், லேப்டாப் பக்கத்திலேயே இருந்தால் யூஎஸ்பி ஒயர் வழியாகவே போனிலிருந்து நெட் எடு, பக்கத்து அறை வைஃபைகளின் இரைச்சல் உன்னைத் தொடாது.

வேறு என்ன? நம் செட்டில் சென்னைக்குப் போனவன் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். நீ அதற்குள் திரும்பிவிடுவாய்தானே? தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காசியில் கட்டத்துப் படிகள் செங்குத்து, படகுத்துறை வரைக்கும் இறங்கி ஏறுவதற்கு ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளச் சொல். டிக்கெட் உறுதியானதும் தேதியை எழுது. அனுமன் கட்டத்தில் நான் தங்கிய இடத்தின் போன் நம்பரை அப்போது அனுப்புகிறேன்.

இப்படிக்கு
உன் பழைய பெஞ்சுக்காரன்