வெள்ளம் வடிந்த பிறகு வரும் ஒப்பந்தம்: நிவாரண நிதி வழங்கும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ள நிவாரணத்துக்கு நிதி வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அவர்கள் சார்பில் கோலாலம்பூரிலிருந்து திட்டங்களை ஒருங்கிணைக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வரும் மழைக்காலத்துக்கான புதிய ஒப்பந்த நகலை அனுப்பியிருக்கிறீர்கள். பெற்றுக்கொண்டோம். எங்கள் ஆலயத் துயர் துடைப்புக் குழுவை மீண்டும் உள்ளூர்க் கூட்டாளி அமைப்பாகத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. நகல் வந்ததும் நான் முதலில் தேடியது செலவுகள் பற்றிய பிரிவைத்தான். ஒப்பந்தம் கையெழுத்தாகும் தேதிக்கு முன் செய்த எந்தச் செலவும் ஏற்கப்படாது என்ற வரி அப்படியே இருக்கிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதைப் பற்றிக் கடிதம் போட்டோம். ஜொகூர் பாருவில் நீங்கள் கூட்டிய கூட்டத்தில் எழுந்து நின்று பேசினோம். கவனத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தோம். இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

நாங்கள் கேட்பது இதுதான். ஒப்பந்தத்தை மழைக்கு முன் போடுங்கள். தண்ணீர் ஏறிய நாளிலிருந்து ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் லாபிஸ் வட்டாரத்துக்கு வெள்ளம் புதிதில்லை. 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் என்று செகாமட் மாவட்டத்துப் பெரிய வெள்ளங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும் என்பதும் ஊரறிந்த சங்கதி. வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு, அது வந்து போன பிறகு ஒப்பந்தம் போடுவானேன் என்பது எங்கள் குழுவில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

2023 மார்ச்சில் நடந்ததை உங்கள் கோப்பில் ஒரு வரியாகப் பார்த்திருப்பீர்கள்: "ஏற்க இயலாத செலவு: உணவுப் பொருள்." அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

பட்டணத்துக்குப் போகும் சாலை முங்கிவிட்டது. பழைய தோட்டத்து லயங்களிலும் ஆற்றோரத் தாமான் குடியிருப்பிலும் இருந்த குடும்பங்கள் மேட்டிலிருக்கும் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டன. அரசாங்கத்தின் துயர் துடைப்பு மையம் பட்டணத்துப் பள்ளியில் திறந்திருந்தது. ஆனால் முட்டிக்கு மேல் தண்ணீரில் கிழவிகளையும் கைப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு யாரால் அங்கே போக முடியும்? மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு அன்றிரவே சோறு வேண்டும். குழுவின் கையிருப்பு அடுத்த வேளைக்குக்கூடக் காணாது.

கடைத்தெருவில் மாடியுள்ள மளிகைக் கடை ஒன்றுதான். சீனத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, வைத்திருக்கும் கடை. கீழ்த்தளத்துச் சரக்கு போனது போக, மேலே ஏற்றி வைத்திருந்ததை அவர் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்கினார். பத்துக் கிலோ அரிசி மூட்டைகள், பருப்பு, எண்ணெய், மெழுகுவர்த்தி, பெம்பர்ஸ், பெண்களுக்கான நாப்கின். பால்மாவு கேட்டபோது எந்த வயதுக்கு, எந்த வகை என்று திருப்பிக் கேட்டார். வகை மாறினால் பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் தாய்மார்கள் மாதாமாதம் அவரிடம்தான் வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் 555 என்ற கடன் கணக்குப் புத்தகத்தில் எழுதினார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிறிய புத்தகத்தை விளக்க வேண்டியதில்லை. சம்பள நாள் வரை குடும்பங்களைத் தாங்கிப் பிடித்த புத்தகம் அது. தேதி, பொருள், அளவு, விலை, வாங்கியவர் கையெழுத்து. ஈரத்தில் ஊதா மை கொஞ்சம் பரவியிருக்கிறது, ஆனால் எல்லா வரியும் படிக்க முடிகிறது. மூட்டையைத் தலையில் சுமந்து வந்தவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விலையில் ஒரு காசு ஏற்றவில்லை. பழைய விலையேதான்.

உங்கள் அதிகாரிகள் தண்ணீர் வடியத் தொடங்கியதும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். எங்களோடு சேர்ந்து சேறு அள்ளினார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டுமென்றால் சங்கப் பதிவிலாகாவின் சான்றிதழ், ஆண்டுக் கூட்ட அறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், செயலவையினர் அனைவரின் அடையாள அட்டை நகல், ஆங்கிலத்தில் எழுதிய சிறார் பாதுகாப்புக் கொள்கை என்று பட்டியல் நீண்டது. எங்கள் செயலாளர் வீட்டு அலமாரியே தண்ணீரில் போயிருந்தது. நகல்களைத் திரும்ப எடுத்து, கையெழுத்துப் போட்டு, பணம் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் யாருமே இல்லை. எல்லாரும் வீடு திரும்பி மெத்தையில்லாமல் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தார்கள்.

வந்த பணம் உணவுக்கூடைக்கு என்று ஒதுக்கிய பணம். மெத்தை வாங்கக் கேட்டோம், தலைப்பை மாற்ற முடியாது என்றீர்கள். சரி, உணவுக்கான பணம்தானே, உணவுக்குப் பட்ட கடனையாவது அடைக்கிறோம் என்றோம். தேதி முந்தியது என்றீர்கள். சோற்றுக்கு வாங்கிய கடனும் இருக்கிறது, சோற்றுக்கு வந்த பணமும் கையில் இருக்கிறது, இரண்டையும் சேர்க்கக் கூடாது. அதனால் சமையலறை காய்ந்து, கடைகள் திறந்துவிட்ட ஊரில் அரிசி மூட்டை விநியோகித்தோம். வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்து, "மெத்தை வருமா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல நின்றது நாங்கள்தான்.

தணிக்கைக்கு வந்தவர் 555 புத்தகத்தைப் படம் எடுத்துக்கொண்டார். மரியாதையாகத்தான் பேசினார். அதிகாரபூர்வ ரசீது இல்லை, மூன்று கடைகளின் விலைப்பட்டியல் இல்லை, தேதியும் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். சாலை முங்கிய ஊரில் மற்ற இரண்டு கடைகளை எங்கே போய்த் தேடுவது?

இதைக் கேள்விப்பட்ட தவுக்கே என்னிடம் ஒன்று சொன்னார். பிந்திய தேதி போட்டு, முத்திரை குத்தி, புதிய பில் எழுதித் தருகிறேன், பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பொருளாளர் கையெழுத்து என்னுடையது. கோயில் கணக்கில் பொய்த் தேதி எழுத எனக்குக் கை வராது. ஐயா, அம்மா, இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து நின்று யோசியுங்கள். பொய் எழுதியிருந்தால் எங்களுக்குப் பணம் வந்திருக்கும். உண்மையை எழுதியதால் வரவில்லை. மோசடியைத் தடுக்கத்தான் அந்த விதி என்கிறீர்கள். அந்த விதிதான் நேர்மையான ஒரு கடைக்காரரை மோசடி பில் எழுதித் தருகிறேன் என்று சொல்ல வைத்தது.

கடனில் ஒரு பகுதியைத் திருவிழாவுக்குச் சேர்த்த பணத்திலிருந்து அடைத்தோம். இன்னொரு பகுதியைச் செயலவையினர் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டார்கள். எங்கள் செயலவையில் இருப்பது லோரி ஓட்டுநர், பாலர் பள்ளி ஆசிரியை, தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்). மீதி இன்னும் நிற்கிறது. தவுக்கே கேட்பதில்லை. ஆனால் அடுத்த வெள்ளத்தில் அந்தக் கயிறு இறங்க வேண்டுமென்றால், போன வெள்ளத்தின் கணக்கு தீர்ந்திருக்க வேண்டும். வெள்ள நேரத்தில் எங்களிடமிருந்த ஒரே மூலதனம் அவருடைய நம்பிக்கைதான், அதைத்தான் உங்கள் விதி அரிக்கிறது.

நீங்கள் நடத்திய பயிற்சியில் நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டை எங்களுக்குக் கொடுத்தீர்கள். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒருவர் தங்க 3.5 சதுர மீட்டர் இடம் என்று அதில் இருக்கிறது. நல்ல கையேடு. மண்டபத்தில் அதைப் பார்த்துத்தான் கழிப்பறைக்கு வரிசை ஒழுங்கு செய்தோம். அந்தத் தரத்தை முதல் நாளிலிருந்தே காப்பாற்றச் சொல்லும் நீங்கள், முதல் நாள் செலவை ஏற்க மறுக்கிறீர்கள்.

உலக அளவிலும் இதே கதைதான். 2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய மாநாட்டில், பெரிய நிதி நாடுகளும் அமைப்புகளும் 2020-க்குள் மனிதநேய நிதியில் 25 விழுக்காட்டை முடிந்தவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளிடம் சேர்ப்போம் என்று கையெழுத்திட்டார்கள். 2020 வந்து போய்விட்டது. நேரடியாக வந்த பங்கு சில விழுக்காட்டைத் தாண்டவில்லை. உலக மனிதநேய அமைப்புகள் 2007-இல் வகுத்த கூட்டாண்மைக் கோட்பாடுகள் ஐந்தில் முதலாவது சமத்துவம். 2022-இல் நிர்வாகச் செலவையும் உள்ளூர் அமைப்புகளோடு பகிர வேண்டும் என்ற வழிகாட்டியும் வந்துவிட்டது. எங்கள் ஒப்பந்தத்தில் நிர்வாகச் செலவு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறது. போன் காசு, பெட்ரோல், அச்சுப்பிரதி எல்லாம் யார் தலையில்? தலைநகர அலுவலகத்துக்கு வாடகை உண்டென்றால் எங்கள் வேனுக்கும் எண்ணெய் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விநியோகப் படிவத்தில் அடையாள அட்டை எண் இல்லாதவருக்கு இடமில்லை. இன்று எங்கள் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். மண்டபத்தில் அவர்களும் எங்கள் பாட்டிகள் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் சாப்பிட்டதை எந்தப் பெயரில் எழுதுவது? சாப்பாட்டுப் பொட்டலத்தை ஏந்தியபடி, உங்கள் பதாகைக்கு முன் நின்று படம் எடுத்து அனுப்பச் சொன்னதும் மனசுக்கு ஒப்பவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோதும் தலை குனியாத கிழவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். உதவி வாங்கும் கையைப் படம் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

கொஞ்சம் உரக்கப் பேசிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

கணக்குக் கேட்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அது பொதுமக்கள் கொடுத்த பணம். ஒவ்வொரு காசுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆவணங்களை வெயில் காலத்தில் கேளுங்கள். செப்டம்பரில் வந்து எங்கள் பதிவு, கணக்கு, கொள்கை எல்லாவற்றையும் சரிபாருங்கள். ஒருமுறை சரிபார்த்தது இரண்டு, மூன்று ஆண்டுக்குச் செல்லும் என்று வையுங்கள். அரிசி, பருப்பு, பால்மாவு, மெத்தை, சுத்தம் செய்யும் பொருள் ஆகியவற்றுக்கு மூன்று கடைகளின் விலைப்பட்டியலையும் அப்போதே வாங்கித் தருகிறோம். தண்ணீரில் ரசீது புத்தகம் நனைந்தால் 555 புத்தகத்தின் பக்கத்தைக் கடைக்காரர், குழு உறுப்பினர், பொருள் பெற்றவர் மூவர் கையெழுத்தோடு ஏற்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். உணவுப் பணத்தில் ஒரு பங்கை மெத்தைக்கோ மருந்துக்கோ மாற்ற, ஒரு தொலைபேசி அழைப்பில் அனுமதி கிடைக்கட்டும்.

செலவு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை யாருடைய வாய்ச்சொல்லுக்கும் விட வேண்டாம். மாவட்டத்தில் முதல் துயர் துடைப்பு மையம் திறக்கும் நாள் அரசாங்கத்தின் பதிவில் இருக்கிறது. சமூக நல இலாகாவின் இன்ஃபோபென்சானா தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த நாளை ஒப்பந்தத்தில் செலவு தொடங்கும் நாளாகப் போடுங்கள். நாங்கள் தேதியை வளைக்க முடியாது, நீங்களும் எங்களைச் சந்தேகிக்க வேண்டியிருக்காது.

இது நடக்காத காரியமுமல்ல. ஸ்டார்ட் ஃபண்ட் என்ற நிதியம் எச்சரிக்கை வந்த 72 மணி நேரத்துக்குள் பணம் ஒதுக்குகிறது. கணக்கு விஷயத்தில் கறாரான அமெரிக்க அரசின் மானிய விதிகளிலேயே, ஒப்பந்தத்துக்கு முந்திய செலவை எழுத்துபூர்வ அனுமதியோடு ஏற்க வழி இருக்கிறது. அவர்களால் முடிவது உங்களால் ஏன் முடியாது?

ஆகவே பணிவோடு திரும்பவும் கேட்கிறோம். ஒப்பந்தத்தை மழைக்கு முன் போடுங்கள். தண்ணீர் ஏறிய நாளிலிருந்து ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். 2023-இல் தள்ளிவைத்த உணவுச் செலவைத் திரும்பப் பரிசீலித்து, கடைக்காரருக்குச் சேர வேண்டிய மீதியைத் தீர்த்து வையுங்கள். புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, யார் வந்து பார்த்தாலும் காட்டுகிறேன்.

நீங்கள் அனுப்பிய நகலில் செயலவை இன்னும் கையெழுத்திடவில்லை. செலவுப் பிரிவிலும் நிர்வாகச் செலவிலும் பயனாளர் படிவத்திலும் நாங்கள் கேட்கும் திருத்தங்களை ஓரத்தில் எழுதி, தனி உறையில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். அக்டோபர் முடிவதற்குள் திருத்திய நகலை அனுப்பி வைத்தால், அந்த வாரமே செயலவையைக் கூட்டிக் கையெழுத்திட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
பொருளாளர்,
ஆலயத் துயர் துடைப்புக் குழு,
லாபிஸ் வட்டாரம், ஜொகூர்