குறைந்த எடை தங்கட்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நினைத்த எடைக்கு வந்துவிட்டாய் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் அப்பாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். 92 கிலோவிலிருந்து 78. பதினான்கு கிலோ குறைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் பேச்சை முடிக்கும்போது, "அப்பாடா, இனி டயட்டும் இல்லை, எடை மெஷினும் இல்லை" என்றாயே, அந்த வார்த்தைதான் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். எழுதி வைத்தால் வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம் இல்லையா, அதனால்தான் கடிதம்.

எடை குறைந்ததை நீ வெற்றியாகப் பார்க்கிறாய். பார்க்கத்தான் வேண்டும். உன் உடம்போ அதை இழப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. பஞ்சத்தில் அடிபட்ட குடும்பம் மழை பெய்த பிறகும் நெடுநாள் செலவைச் சுருக்கிக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைக்கும் அல்லவா? உடம்பும் அதைத்தான் செய்கிறது. கொழுப்பு குறைந்தால், கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் குறைகிறது. "கையிருப்பு போதும்" என்று மூளைக்குத் தகவல் சொல்லும் ஹார்மோன் அதுதான். வயிற்றில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலினோ கூடுகிறது. இரண்டும் சேர்ந்து உன்னைப் பழைய எடையை நோக்கி இழுக்கும்.

சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் இருந்தவர்கள் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில், கிட்டத்தட்ட உன்னைப் போலவே, சராசரியாகப் பதின்மூன்றரைக் கிலோ குறைத்தவர்கள். ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோதும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. ஊசி போட்டுக் குறைப்பவர்களுக்கும் இதே கதைதான். செமாக்ளூடைட் மருந்தை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு எடை ஒரு வருடத்திலேயே ஏறிவிட்டது.

செலவுப் பக்கமும் மாறிவிடுகிறது. எடை குறைந்த உடம்புக்கு நடக்க, நிற்க, சும்மா உட்கார்ந்திருக்கக்கூட முன்பைவிடக் குறைந்த சக்தி போதும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இதையே ஆராய்ந்த கெவின் ஹாலின் கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை செலவு குறைகிறது; பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. உன் பதினான்கு கிலோவுக்குப் போட்டுப் பார். செலவில் மட்டும் 280 முதல் 420 கலோரி குறைந்திருக்கும். ஆகவே 92 கிலோ இருந்தபோது சாப்பிட்ட அளவுக்குத் திரும்பினால் எடையும் 92-க்குத் திரும்பும். இதை மாற்ற முடியாது. இப்போதே ஏற்றுக்கொண்டுவிடு.

உன்னைப் பயமுறுத்த இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும்போது, "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை" என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளக் கூடாது, அதற்காகத்தான். அந்தப் பசி உடம்பின் வேலை. உன் குணத்தில் எந்தக் குறையும் இல்லை. இது தெரியாமல் எத்தனையோ பேர் இரண்டு கிலோ ஏறியதும் "நம்மால் முடியாது" என்று முழுசாகக் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு கிலோவால் பெரிய நஷ்டமில்லை, கைவிடுவதால்தான் நஷ்டம்.

சரி, என்ன செய்வது? முதலில் டயட்டிலிருந்து வெளியே வரும் விதம். ஒரே நாளில் கட்டவிழ்த்துவிடாதே. இப்போது சாப்பிடுவதோடு 100, 150 கலோரி அளவு கூட்டு. இரண்டு மூன்று வாரம் பார். எடை இன்னும் இறங்கினால் மறுபடி கொஞ்சம் கூட்டு. அது நிற்கும் இடம்தான் உன் புது அளவு. குறைத்துக்கொண்டிருந்தபோது சாப்பிட்டதைவிட அது அதிகமாகவே இருக்கும், அதனால் காலமெல்லாம் அரைவயிறுதானா என்று கலங்காதே.

இந்தச் சமயத்தில் மெஷின் ஒன்றிரண்டு கிலோ கூட்டிக் காட்டும். அதைக் கொழுப்பு என்று நினைத்துவிடாதே. மாவுச்சத்தைக் கொஞ்சம் கூடச் சாப்பிட்டதும் தசையும் கல்லீரலும் அதைக் கிளைகோஜனாகச் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கும். உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாளும் இப்படித்தான். ஒரு விருந்துக்குப் போய்விட்டு வந்து காலையில் மெஷினில் நின்றால் 78.2 இருந்த இடத்தில் 79.5 என்று மின்னும். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், உடம்புக்குத் தேவையானது போக ஏழாயிரம் கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும். எந்த விருந்திலும் அவ்வளவு சாப்பிட முடியாது. மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிட்டால் அந்த எண் தானே இறங்கிவிடும். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்காதே. பட்டினி கிடந்தால் மாலைக்குள் பசி ஆளையே விழுங்கிவிடும், அப்புறம் அதற்கும் சேர்த்துச் சாப்பிடுவாய்.

அதனால்தான் மெஷினைத் தூக்கிப் போடாதே என்கிறேன். காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடும் முன் நில். எண்ணைக் குறித்துக்கொள். அவ்வளவுதான், பத்து நொடி. ஒரு நாள் எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. வாரத்தின் சராசரியைப் பார். இடுப்பளவையும் மாதம் ஒருமுறை எடு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். அது உன் உயரத்தில் பாதிக்குக் கீழே இருந்தால் நல்லது.

எண்ணைப் பார்த்த பிறகு என்ன செய்வது என்பதை மனம் அமைதியாக இருக்கும் இப்போதே முடிவு செய்துவிடு. அமெரிக்காவில் ரீனா விங் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. எடை குறைத்து முடித்தவர்களுக்குப் போக்குவரத்து விளக்குபோல மூன்று நிறம் வைத்தார்கள். இலக்கிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் பச்சை. அதைத் தாண்டினால் மஞ்சள், அதாவது எங்கே கூடுகிறது என்று பார்த்துச் சின்னதாகத் திருத்திக்கொள்ள வேண்டும். சுமார் 2.3 கிலோ கூடிவிட்டால் சிவப்பு, குறைத்த காலத்தில் செய்ததையெல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். நேரில் கூடிப் பேசி இதைக் கடைப்பிடித்த குழுவில் ஒன்றரை வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியது. வெறும் செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் அது 72 சதவீதம். நூற்றுக்கு நூறு பலிக்கிற மந்திரம் இல்லைதான், ஆனால் வித்தியாசம் பெரிது. உனக்கு 79.5 வரை பச்சை, 80.3 வந்தால் சிவப்பு. இரண்டு கிலோவைத் திருத்துவது சில வார வேலை, எட்டுக் கிலோ ஏறவிட்டால் மறுபடி மலையேற்றம்.

ஒன்று மட்டும். மெஷினைப் பார்ப்பதே உனக்குப் பதற்றமாகிவிட்டது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்று ஆனால், அன்றே அதை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் பேசு. என்னிடமும் சொல்.

நடையை விடாதே. எடை குறைப்பதில் சாப்பாட்டுக்குத்தான் பெரிய பங்கு. குறைந்ததைத் தக்கவைப்பதில் உடற்பயிற்சியின் பங்கு கூடிவிடுகிறது. அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, அதை ஒரு வருடமாவது காத்தவர்கள்தான் அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் சராசரியாகத் தினம் ஒரு மணிநேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். அவர்கள் தாங்களாகவே முன்வந்து சேர்ந்தவர்கள், அதனால் இவற்றால்தான் எடை நின்றது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இத்தனை பேர் ஒரே மாதிரி செய்கிறார்கள் என்றால் நாமும் காது கொடுத்துக் கேட்பதுதான் புத்தி. ஒரு மணிநேரத்தை ஒரே மூச்சில் எடுக்க உன் வேலை விடாது. காலையில் அரைமணி, சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம், போன் பேசும்போது கொஞ்சம் என்று பிரித்துக்கொள்.

வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கு, அல்லது உடம்பெடையை வைத்தே தசைக்கு வேலை கொடு. குறைந்த பதினான்கு கிலோவும் கொழுப்பு மட்டும் இல்லை, அதில் தசையும் கொஞ்சம் போயிருக்கும். போன தசையைத் திரும்பக் கொண்டுவரப் பயிற்சியும் வேண்டும், மூன்று வேளையும் தட்டில் புரதமும் வேண்டும். புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் பசியும் அடங்கி நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றி உனக்கு நான் புதிதாக என்ன சொல்ல? எதைச் சாப்பிட்டுக் குறைத்தாயோ அதிலேயே கொஞ்சம் கூட்டிச் சாப்பிடு. பாக்கெட் தீனி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். அதே கெவின் ஹால் 2019-ல் இருபது பேரை ஆய்வகத்திலேயே நான்கு வாரம் தங்கவைத்துப் பார்த்தார். ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், சாதாரண உணவு இரண்டு வாரம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். அதனால் அதை வீட்டுக்குள் வாங்கி வைத்துவிட்டு மனதோடு சண்டை போடாதே, வாங்காமல் இரு. சனி ஞாயிறும் மற்ற நாள் மாதிரியே இருக்கட்டும். ஐந்து நாள் கட்டுப்பாடு, இரண்டு நாள் கணக்கே இல்லை என்று ஓடினால் அந்த இரண்டு நாளே ஐந்து நாள் உழைப்பைத் தின்றுவிடும்.

தூக்கம். இரண்டு மணி வரை விழித்திருப்பதை நிறுத்து. தூக்கம் குறைந்தாலும் பசி கூடும். ஏற்கெனவே உன்னை இழுத்துக்கொண்டிருக்கும் பசிக்கு நீயே ஏன் கைகொடுக்கிறாய்?

அப்புறம், உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும் ஒரு விஷயம். எடை இறங்கிக்கொண்டிருந்தபோது பார்க்கிறவர்களெல்லாம் "என்னடா இப்படி இளைச்சிட்ட!" என்றார்கள். பேன்ட் இடுப்பில் நிற்காமல் புது பேன்ட் வாங்கினாய். வாரா வாரம் எண் இறங்கியது. அந்தச் சந்தோஷமே உன்னைத் தள்ளிக்கொண்டு போனது. இனி அதெல்லாம் நின்றுவிடும். அடுத்த வருடமும் 78, அதற்கடுத்த வருடமும் 78 என்று இருந்தால் யாரும் வந்து கைகுலுக்க மாட்டார்கள், செய்கிற வேலை மட்டும் அதேதான். இந்தச் சலிப்பில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். மூன்று நிறம் வைத்தார்களே, அந்த ஆய்வில்கூடப் பச்சையில் இருந்தவர்களுக்குச் சின்னச் சின்னப் பரிசு கொடுத்தார்கள். அதன் அருமை தெரிந்தவர்கள். நீயும் மாத முடிவில் பச்சையில் இருந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்பு. உன் அம்மா கொண்டாடுவாள், அதில் சந்தேகமே வேண்டாம். சலிப்பு வந்தால் எடையை விட்டுவிட்டு வேறு எதிலாவது இலக்கு வை. எத்தனை தண்டால் எடுக்க முடிகிறது, எத்தனை மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிகிறது என்று. அது ஏறிக்கொண்டே போகும், உனக்கும் உற்சாகமாக இருக்கும்.

அந்தப் பதிவேட்டிலிருந்து தெரிந்த இன்னொன்று எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. இரண்டு முதல் ஐந்து வருடம் வரை எடையைக் காத்துவிட்டவர்களுக்கு, அதற்குப் பிறகும் அது நிற்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறதாம். ஆகவே முதல் இரண்டு வருடத்தை மட்டும் கண்ணும் கருத்துமாகக் கடத்திவிடு.

"எழுபத்தைந்துக்குப் போய்விட்டு நிறுத்தட்டுமா" என்று கேட்டாய். வேண்டாம். உன் உயரத்துக்கு 78 நல்ல எடை. இதிலேயே ஆறு மாதம் நின்று காட்டு. இன்னும் இறக்கினால் பசியும் கூடும், தக்கவைப்பதும் அந்த அளவுக்குக் கஷ்டமாகும். பழைய பெரிய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடு, அலமாரியில் வைத்திருக்காதே.

கடைசியாக, உடனே செய்ய வேண்டியது. படுக்கையிலிருந்து எழும்போது லேசாகத் தலை சுற்றுகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். 92 கிலோ இருந்தபோது எழுதிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையைத்தானே இன்னும் அதே அளவில் சாப்பிடுகிறாய்? எடை குறைந்தால் அழுத்தமும் இறங்கும், பழைய அளவு மாத்திரை இப்போது அதிகமாகியிருக்கலாம். நீயாக நிறுத்திவிடாதே. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, எத்தனை கிலோ குறைந்திருக்கிறது, தலை எப்போது சுற்றுகிறது என்பதைச் சொல். உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் பார்க்கச் சொல். ரத்தப் பரிசோதனை எடுத்து ரொம்ப நாளாகிறது, அதையும் சேர்த்துக் கேட்டுவிடு. என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் செய். அப்பாவும் நானும் காத்திருப்போம்.

அன்புடன்,
அம்மா