சகேயு திருப்பிக் கொடுத்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் சிலுவைப் பலியைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்கிறோம். நம் பாவத்துக்கான பரிகாரத்தை இயேசு செய்து முடித்தார் என்பதுதான் என் விசுவாசமும். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே, நம்மால் பாதிக்கப்பட்ட மனிதரை மறந்துவிடுகிறோமே என்பது என் ஆதங்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மோதிரம் காணாமல் போனது. வீட்டு வேலைக்கு வந்த அக்காவைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார்கள். தெருவே பேசியது. அப்புறம் மோதிரம் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள். அந்த அக்கா வீட்டுக்கு மட்டும் யாரும் போகவில்லை.

வேதாகமத்தில் லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் வரும் சகேயு, எரிகோவின் வரி வசூல் தலைவன். அவன் எதுவும் தருவதாகச் சொல்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்குத் தங்க வருகிறார். அந்த அன்புதான் அவனை எழுந்து நிற்க வைத்தது. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்றான். பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் குற்றம் செய்தவனிடம் கேட்பதோ, பாதிக்கப்பட்டவருக்கு முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். மத்தேயு 5-இல் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகும்படி சொல்கிறார்.

அந்த அக்காவுக்கு வேலையிழந்த மாதங்களின் சம்பளம் போய்ச் சேர வேண்டும். பழி தெருவில் விழுந்ததால், மன்னிப்பையும் அதே தெருவில், நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். போதகர்கள் இதையும் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை