மாப்ள, அந்த ஆரஞ்சு வெஸ்ட்ட திருப்பிக் குடுத்துடாத

டேய் மாப்ள,

வேட்டை லைசன்ஸ் பரீட்சைல நீ பாஸ் ஆனத புரொஃபசர் சொல்லித்தான் எனக்கு தெரிஞ்சுது. என்கிட்ட முதல்ல சொல்லாததுக்கு தனியா ஒரு சண்டை இருக்கு, அத நேர்ல வெச்சுக்கலாம். வாழ்த்துகள்டா, நெஜமாவே சந்தோஷமா இருக்கு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், சின்னவளுக்கு இருமல் போயிடுச்சு, பெரியவன் என்னைவிட உயரமாயிட்டான். நம்ம ஃப்ரெண்டு ஒட்டகம் அப்படியே தான் இருக்கான், அவன் எங்க மாறப்போறான்.

சரி, விஷயத்துக்கு வரேன். நீ வாங்குன துணிய எல்லாம் கட்டில்ல பரப்பி வெச்சு போட்டோ அனுப்பியிருந்தியே, பாத்தேன். தலைலருந்து இடுப்பு வரைக்கும் இலை இலையா பிரிண்ட் போட்ட சட்டை, தொப்பி, முகமூடி, எல்லாம் ஜோர். கீழ பாத்தா காலேஜ்லருந்து உன்னை விடாத அதே ஜீன்ஸ். அதுகூட பரவால்ல. கடைசில ஒரு வரி எழுதியிருந்த பாரு, "சட்டைக்கு மேல போடற கையில்லாத ஆரஞ்சு வெஸ்ட் ஒண்ணு குடுத்தாங்க, திருப்பிக் குடுத்துடப்போறேன், அத போட்டா மான் ஒரு மைல் தூரத்துலயே பாத்துடும்"னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பெரிய லெட்டர். திருப்பிக் குடுத்துடாத. முழுசா படிச்சிட்டு அப்புறம் என்னை திட்டு.

நமக்கு கண்ணுல நிறம் பாக்க மூணு வகை செல் இருக்கு. மானுக்கு ரெண்டே ரெண்டு. வெள்ளைவால் மான வெச்சு 1990-கள்ல அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணி அளந்திருக்காங்க, ஒண்ணு நீலம் பக்கம், 450லருந்து 460 நானோமீட்டர், இன்னொண்ணு பச்சை பக்கம், 537 கிட்ட. வெஸ்ட்டோட ஆரஞ்சு எங்க இருக்கு தெரியுமா, 600 பக்கம். ஆரஞ்சையும் பச்சையையும் பிரிச்சு பாக்க வேண்டிய மூணாவது செல் மானுக்கு கிடையவே கிடையாது, அதனால நம்ம கண்ண குத்துற அந்த நிறம் அதுக்கு காஞ்ச புல்லோட புல்லா மங்கலா தான் தெரியும். உனக்கு நம்பிக்கை வரலன்னா புலிய பாரு. மானையே சாப்ட்டு வாழற மிருகம் ஏன் ஆரஞ்சு கலர்ல இருக்கு? நமக்குத்தான் அது ஆரஞ்சு, மானோட கண்ணுக்கு அதுவும் பச்சையும் ஒண்ணுதான். 2019ல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரங்க இத கம்ப்யூட்டர்ல போட்டே காட்டியிருக்காங்க, ரெண்டு நிறம் மட்டும் பாக்குற கண்ணுக்கு புலி அந்த பச்சைக்குள்ள எப்படி கரைஞ்சு போகுதுன்னு. காட்டுல புலிக்கு சரிப்பட்டு வர்ற நிறம் உனக்கு ஆகாதா?

ஆனா நீ பயப்பட வேண்டியது வேற ஒண்ணு இருக்கு, அது உன் வீட்டு வாஷிங் மெஷின்ல இருக்கு. நாம துவைக்கிற பவுடர் முக்கால்வாசியில துணி பளிச்சுன்னு வெள்ளையா தெரியணும்னு ஒரு ரசாயனம் சேக்கறாங்க. அது புற ஊதா ஒளிய வாங்கி நீலமா வெளிய விடும். நம்ம கண்ணோட லென்ஸ் புற ஊதாவ உள்ள விடாம தடுத்துடும், மானோட லென்ஸ் அந்த அளவுக்கு தடுக்காது, அதுலயும் நீலத்துல அதோட பார்வை நம்மைவிட கூர்மை, விடியக்காலையும் பொழுது சாயுற நேரமும் வெளிச்சத்துல இருக்கறது பெரும்பாலும் அந்த நீலம் தான். அதாவது நீ ஆசையா வாங்குன இலை பிரிண்ட் சட்டைய வழக்கமான பவுடர்ல ஒரு தடவை துவைச்சு போட்டுட்டு போனீன்னா, எந்த நேரத்துல மான் மேய வருமோ சரியா அந்த நேரத்துல நீ தனியா தெரிவ. ஒரு வேலை பண்ணு, நோட்டு செக் பண்ற ஊதா டார்ச் ஒட்டகத்துகிட்ட இருக்கும், ரூம இருட்டாக்கிட்டு ஒவ்வொரு துணி மேலயும் அடிச்சு பாரு. இருட்டா கிடந்தா நல்ல துணி. நீலமா ஜொலிச்சா அத ஒதுக்கி வை. புது துணிலயே சிலது ஜொலிக்கும், கடைலருந்து வந்ததுன்னு நம்பிடாத. துவைக்கறதுக்கு இந்த வெண்மை சமாச்சாரமும் வாசனையும் இல்லாத சோப்பு வேட்டைக்காரங்களுக்குன்னே தனியா விக்குது, அத வாங்கிக்கோ, சாஃப்ட்னர் பக்கமே போகாத, அது மழைத்துணில தண்ணி உருண்டு ஓடற தன்மையையும் கெடுத்துடும்.

இப்ப கொஞ்சம் சீரியஸா சொல்றேன், கேளு. ஆரஞ்சு மானுக்காக இல்ல மாப்ள, மனுஷனுக்காக. சீசன் நேரத்துல அந்த காட்டுல நீ மட்டும் இருக்கப் போறதில்ல. அரை இருட்டுல, புதருக்குள்ள, குனிஞ்சுக்கிட்டு, காமோ, அதான் அந்த இலை பிரிண்ட் துணி, போட்டுக்கிட்டு ஒருத்தன் நகந்தா, எதிர் சரிவுல காலைலருந்து மானுக்காக காத்துக்கிட்டு இருக்கறவன் கண்ணுக்கு அது மனுஷனா தெரியும்னு என்ன உத்தரவாதம்? ஆசையோட பாக்குற கண்ணு தான் பாக்க விரும்பறத பாக்கும். பல இடத்துல இது சட்டமாவே இருக்கு. உதாரணத்துக்கு அமெரிக்காவுல கொலராடோவுல ரைஃபிளோட மானுக்கு போறவன் இடுப்புக்கு மேல 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு போட்டே ஆகணும், தலைல தொப்பியும் அதே கலர், எந்த பக்கத்துலருந்து பாத்தாலும் தெரியணும், ஆரஞ்சுல காமோ பிரிண்ட் போட்டது செல்லாது. 2016லருந்து அதே மாதிரி பளீர்னு அடிக்கற பிங்க்கும் போடலாம்னு சேத்துட்டாங்க. நீ போற இடத்துல விதி என்னன்னு லைசன்ஸ் குடுத்தவங்ககிட்டயே கேளு, ஆனா விதி இல்லாத இடமா இருந்தாலும் எனக்காக போடு. வெஸ்ட் மேல பைய மாட்டுனா முதுகுப்பக்கம் மறைஞ்சுடும், அதனால பை மேலயும் ஒரு ஆரஞ்சு துணி கட்டிக்கோ. மான் கிடைச்சு அத தூக்கிட்டு வந்தீன்னா கொம்புல கட்டாயம் கட்டு, தோள் மேல கொம்போட நகர்ற உருவம் எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சு பாரு. உன் பொண்ணுக்கு இப்பதான் நடக்க வந்திருக்கு. இதுக்கு மேல நான் சொல்லமாட்டேன்.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு, பறவை. பறவைக்கு நிறம் நம்மைவிட நல்லா தெரியும், அங்க ஆரஞ்சு உன்னை காட்டிக்குடுக்கும். அதுவும் வான்கோழிக்கு போறப்ப சிவப்பு, வெள்ளை, நீலம் மூணும் உடம்புல எங்கயும் தெரியவே கூடாது, பனியன் காலர் முதக்கொண்டு, ஏன்னா சேவலோட தலைல இருக்கறது அந்த மூணு நிறம் தான், வேற எவனாவது உன்னையே வான்கோழின்னு நெனச்சிடுவான். ஆனா நீ மானுக்குத்தான போற, அத அப்புறம் பேசிக்கலாம்.

நிறத்தைவிட மான் உன்னை கண்டுபிடிக்கறது காதாலயும் மூக்காலயும் தான், அப்புறம் அசைவால. நீ வாங்கியிருக்கற மேல் ஜாக்கெட் நைலான் தான? போட்டோலயே பளபளன்னு தெரியுது. கதவ சாத்திட்டு அத போட்டுக்கிட்டு காதுகிட்ட கைய கொண்டுவந்து நகத்தால லேசா கீறிப்பாரு. சர்ர்ருன்னு ஒரு சத்தம் வரும். முள்ளுச்செடி உரசுனா காட்டுல கேக்கப்போறதும் அதே சத்தம் தான், அங்க வேற எந்த சத்தமும் இருக்காது. கம்பளியையும், ஃப்ளீஸ்னு மெத்துன்னு இருக்கற செயற்கை நூல் துணியையும் அதே மாதிரி கீறிப்பாரு, ஒண்ணும் கேக்காது. மழைக்குன்னே கோர்டெக்ஸ் மாதிரி சவ்வு வெச்ச ஜாக்கெட் வேணும்னா வெளிப்பக்கம் பஞ்சு மாதிரி உரசி மெத்துன்னு விட்டது கிடைக்குது, அதுல பாரு, விலை கூடத்தான், ஆனா வருஷக்கணக்குல உழைக்கும். இன்னொண்ணு, வெல்க்ரோ, அதான் ஒட்டிப் பிரிக்கற பட்டை. என்கூட வந்த ஒருத்தர், ரொம்ப அனுபவசாலி, ஒரு மான் கூட்டத்துக்கு கிட்ட வந்து ஈரப்புல்லுல படுத்துக்கிட்டு இருக்கோம், பைனாகுலர் எடுக்கலாம்னு பாக்கெட்ட திறந்தார், பர்ர்ருன்னு ஒரு சத்தம், மேஞ்சுக்கிட்டு இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்துல தூக்கிச்சு, ஒரு பெட்டை முன்னங்கால ரெண்டு தடவை தரையில தட்டுச்சு, அவ்வளவுதான், சரிவே காலி. பட்டன் வெச்ச பாக்கெட்டா பாத்து வாங்கு. தவழ்ந்து போக வேண்டியிருக்கும்ங்கறதால முன்பக்கம் பெரிய ஜிப்பும் நெஞ்சுல பாக்கெட்டும் இருந்தா குத்தும், சேத்த வாரிக்கும். முட்டிலயும் முழங்கைலயும் ரெட்டைத்துணி வெச்சது நல்லது.

இப்ப உன் ஜீன்ஸ். டேய், பருத்தி எதுவுமே வேணாம்டா. ஜட்டி, பனியன், சாக்ஸ் வரைக்கும் சொல்றேன். மேட்டுல ஏறும்போது வேர்க்கும், மேல போய் அசையாம உக்காருவ, வேர்வைய பருத்தி புடிச்சு வெச்சுக்கும், தண்ணி காத்தைவிட சுமார் 25 மடங்கு நல்லா சூட்ட கடத்தும், அதனால ஈரம் உடம்புச்சூட்ட வேகமா உறிஞ்சிடும். அரைமணி நேரத்துல நடுங்க ஆரம்பிச்சுடுவ. உடம்ப ஒட்டி மெரினோ ஆட்டுக் கம்பளி மெல்லிசா ஒண்ணு, அது தன் எடைல 30 சதவீதம் வரைக்கும் ஈரத்த இழுத்துக்கிட்டும் ஈரமா தெரியாது, நாத்தமும் சீக்கிரம் வராது. அதுக்கு மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்துக்கும் மழைக்கும் ஒண்ணு. கனமான ஜாக்கெட்ட பையில போட்டுக்கிட்டு ஏறு, மேல போய் உக்காந்தப்புறம் போடு. கிளம்பும்போது லேசா குளிரணும், வீட்டு வாசல்லயே கதகதன்னு இருந்தா நீ அதிகமா போட்டிருக்கன்னு அர்த்தம். குளிருதேன்னு ஷூவுக்குள்ள ரெண்டு சாக்ஸ திணிக்காத, இறுகிப்போய் ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் தான் ஜில்லுன்னு ஆகும்.

இத்தனை சொல்றது உன் சௌகரியத்துக்காக மட்டும் இல்ல. விரல் விறைச்சுப்போய் உடம்பு நடுங்கிக்கிட்டு இருக்கறவன் சுட்டா குண்டு தப்பான எடத்துல படும். காயத்தோட ஓடுற மான் ராத்திரி முழுக்க எங்கயோ கிடந்து சாகும். கிட்ட போக முடிஞ்சு, கை நிதானமா இருந்து, ஒரே குண்டுல முடிஞ்சாத்தான் சுடணும், இல்லன்னா சுடாம திரும்பி வரணும். நல்ல துணி அந்த நிதானத்த குடுக்கும், அதனால தான் நான் இவ்வளவு கறாரா பேசறேன். விரல் நுனி மடிச்சு விடற மெல்லிசு கையுறை ஒண்ணு கட்டாயம் வெச்சுக்கோ. முகமும் கையும் தான் வெயில்ல மின்னி உன்னை முதல்ல காட்டும், நீ வாங்குன முகமூடி சரியான செலவு, அதுக்கு பாராட்டு. கண்ணாடி போடறவன் நீ, அதனால தொப்பிக்கு முன்பக்கம் நீண்ட விளிம்பு வேணும்.

காமோ பத்தி நீ பக்கம் பக்கமா கேட்டிருந்த, அதுல எனக்கு பெரிய அபிப்ராயம் இல்ல. சின்ன சின்ன இலையா இருக்கறது கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா ஒரே கருப்பு உருண்டையா தான் தெரியும், பெரிய பெரிய திட்டா வெளிச்சமும் நிழலும் மாறி மாறி இருக்கறது உருவத்த உடைக்கும். ஸ்காட்லாந்து மலைல 19ஆம் நூற்றாண்டுலருந்தே மான் வேட்டைக்கு வெறும் ட்வீட்ங்கற முரட்டுக் கம்பளித்துணி தான், அந்தந்த எஸ்டேட்டோட மலை நிறத்துக்கு தக்கமாதிரி நெய்தது, இன்னைக்கும் போடறாங்க. உன்கிட்ட பழைய பழுப்பு கம்பளி ஸ்வெட்டர் ஒண்ணு இருந்துதே, புரொஃபசர் கல்யாணத்துக்கு போட்டுக்கிட்டு வந்து எல்லார்கிட்டயும் வாங்கிக்கட்டிக்கிட்டியே, அது இந்த வேலைக்கு உன் புது செட்டைவிட மேல். தேடி எடு.

வாசனைய அமுக்குற கரி சேத்த துணி, ஸ்ப்ரே இதுக்கெல்லாம் இப்போதைக்கு காச விடாத. காத்து எந்த பக்கம் வீசுதுன்னு பாத்து எதிர்க்காத்துல போனா போதும், தப்பான பக்கம் நின்னா எந்த துணியும் உன்னை காப்பாத்தாது. பொடி டப்பா சின்னதா ஒண்ணு பாக்கெட்ல வெச்சுக்கோ, கொஞ்சம் தூவுனா காத்து சொல்லிடும். காலுக்கும் பேண்ட்டுக்கும் உண்ணி ஏறாம இருக்க பெர்மெத்ரின்ங்கற பூச்சி மருந்த துணில அடிச்சு நல்லா காயவிட்டு போடு, தோல் மேல அடிச்சுடாத, வீட்ல பூனை இருந்தா ஈரம் காயற வரைக்கும் கிட்ட விடாத, அதுக்கு ஆகாது.

நைலான் ஜாக்கெட்டுக்கு பில் இருக்கா? இருந்தா வெஸ்ட்டுக்கு பதிலா அத திருப்பிக் குடு, அந்த காசுல மெரினோ பனியன் ஒண்ணாவது வரும். ஷூவ இன்னைக்கே போட்டு வீட்டுக்குள்ள நடக்க ஆரம்பி, காட்டுல போய் முதல் தடவை போட்டீன்னா கொப்புளம் தான். சனிக்கிழமை ராத்திரி போன் பண்றேன், அதுக்குள்ள டார்ச் அடிச்சு பாத்து எதெல்லாம் ஜொலிக்குதுன்னு லிஸ்ட் போட்டு வை. தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
மாப்ள

பி.கு: தொப்பியும் ஆரஞ்சு தான். காமோ தொப்பி போட்டுக்கிட்டு வெஸ்ட் மட்டும் போட்டா போதும்னு பேரம் பேசுவன்னு தெரியும், அது நடக்காது.