கம்பம் பன்னீர் திராட்சைக்கு இன்னொரு வாசல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பன்னீர் திராட்சை விலை இறங்கியது பற்றி ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. நாலு வரிதான், ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. நான் சுருளிப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் பந்தல் வைத்திருக்கிறேன், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தது அப்பா காலத்தில். அந்தச் செய்தியில் விடுபட்டுப்போன ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரத்து அதிகமானதால் விலை இறங்கியது என்று போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் வரத்து கூடுகிற ஒவ்வொரு முறையும் நாங்கள் மட்டும் ஏன் நொடித்துப்போகிறோம்? எங்கள் பள்ளத்தாக்கில் கவாத்தை (கொடியின் கிளைகளை வெட்டிவிடுவதை) முன்னே பின்னே மாற்றி மாற்றிச் செய்வதால் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழ வெட்டு நடந்துகொண்டேதான் இருக்கும், அது எங்களுக்குப் பெரிய பலம். ஜனவரிக்கு மேல் மகாராஷ்டிரத்துப் பழம் லாரி லாரியாக இறங்க ஆரம்பித்ததும் அந்தப் பலம் காணாமல் போய்விடும். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, காம்பிலிருந்து சீக்கிரம் உதிரும், வெட்டிய பிறகு இரண்டு மூன்று நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. பழுக்கிற நேரத்தில் ஒரு மழை அடித்தால் கொடியிலேயே வெடிக்கும். செவட்டை நோய்க்கு மருந்தடித்த கடன் ஒரு பக்கம் நிற்க, வியாபாரி தோட்டத்து வாசலில் நின்று ஒரு விலை சொன்னால் அதற்குத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. 2020 ஊரடங்கில் கேரளாவுக்கு வண்டி போகாமல் நின்றபோது அந்த ஒரு விலை சொல்லவும் ஆள் இல்லை. பழுத்த கொத்தை வெட்டிப் பந்தலுக்கு அடியிலேயே போட்டு மிதித்தேன். அந்த வாசனை எத்தனையோ நாள் தோட்டத்தை விட்டுப் போகவில்லை.

அந்தப் பழத்தை வாங்கிப் பிழிந்து வைக்க ஒரு இடம் இருந்திருந்தால் போதும். நான் கேட்பது அதைத்தான். சாப்பிடுகிற பழம் ஒரு வழியாகப் போகட்டும், மிஞ்சுகிற பழமும் மழையில் அடிபட்டு அழகு கெட்ட பழமும் சாறாகவும் ஒயினாகவும் போக இன்னொரு வழி திறக்கட்டும். அந்த வழி விவசாயிகள் கையில், தோட்டத்துப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒயின் என்றதும் பலருக்கு முகம் சுருங்கும், தெரியும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பன்னீர் திராட்சை என்கிற ரகத்துக்கு வெளியூர்ப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரிலேயே புவிசார் குறியீடும் கிடைத்தது, அன்று ஊரில் இனிப்பு கொடுத்தோம். சாப்பாட்டு ரகம்தானே, இதில் நல்ல ஒயின் வராது என்று படித்தவர்கள் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன். சீனாவில் தியான்ஜின் நகரில் 1980-ல் பிரான்ஸின் ரெமி மார்டின் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த டைனஸ்டி ஆலை, தன் வெள்ளை ஒயினை இதே மஸ்கட் ஹாம்பர்க்கில்தான் செய்தது. கலிபோர்னியாவில் இதைக் கறுப்பு மஸ்கட் என்கிறார்கள், சாப்பாடு முடிந்து சிறு கிண்ணத்தில் குடிக்கிற இனிப்பு ஒயினுக்குக் குவேடி என்ற ஆலை இதைத்தான் பயன்படுத்துகிறது. நம் பழத்தில் இருக்கிற அந்தப் பன்னீர் மணம்தான் அங்கே காசு. இங்கே அது பெட்டிக்குள் வாடிப்போகிறது.

ஆனால் இதில் எங்கள் பக்கத் தவறு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை புளித்தால்தான் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். 12 சதவீத ஒயினுக்கு லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை தேவை, அதாவது பழம் கொடியிலேயே நன்றாக முதிர்ந்திருக்க வேண்டும். விலை இறங்கிவிடுமோ, மழை வந்துவிடுமோ என்ற பயத்தில் நாங்கள் நிறம் ஏறியதும் வெட்டிவிடுகிறோம். சந்தைக்கு அது போதும், ஆலைக்குப் போதாது. ஆலைக்கென்று விடுகிற வரிசைகளுக்குக் கொத்தைக் குறைத்து, தண்ணீரை முன்கூட்டியே நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு நாள் பொறுக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுமைக்கு விலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் எவரும் பொறுப்பார்கள்.

ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் பழம் எடுத்து, எந்த மாதத்துப் பழத்தில் எப்படிப்பட்ட ஒயின் வருகிறது, எதைச் சாறாக விற்பது நல்லது என்று சோதித்து ஊர் ஊராக வந்து சொன்னால் பெரிய உதவி. குளிரூட்டிய எவர்சில்வர் தொட்டி, பரிசோதனைக்கூடம் எல்லாம் ஒரு சின்னக் குழுவால் வாங்க முடியாது. பொதுவில் ஓர் இடத்தில் இருந்தால் வாடகை கொடுத்துப் பயன்படுத்திக்கொள்வோம். எங்கள் ஊர் வெயிலில் குளிர்ச்சி இல்லாமல் புளிக்கவிட்டால் மணம் முழுக்கப் பறந்துவிடும், அதனால் இது ஆடம்பரம் இல்லை.

நாசிக்கைப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் முழுசாகப் பார்க்க வேண்டும். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து கலால் வரியில் சலுகை கொடுத்தது, நாசிக் பக்கத்து விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைத்தது. அதற்குச் சற்று முன்னால் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலா ஒயின் நிறுவனம், 2005-ல் தோட்டத்திலேயே ருசி பார்க்கும் கூடம் திறந்தது, 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. இது ஒரு பாதிக் கதை. ஆலைகள் பெருகிய வேகத்துக்குக் குடிக்கிறவர்கள் பெருகவில்லை, 2008-ல் மும்பைத் தாக்குதலும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வந்தபோது ஒயின் தொட்டிகளில் தேங்கியது, ஆலைகள் விவசாயிகளுக்குப் பழத்துக்கான பணம் தராமல் நிறுத்தின, ஒயின் ரகக் கொடிகளைப் பலர் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். இந்த இன்னொரு பாதியை யாரும் எங்களிடம் சொல்வதில்லை. நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் சாறு பிழிகிற ஒரு கம்பெனி எங்களில் ஏழெட்டுப் பேரிடம் பழம் எடுத்துக்கொண்டு பாதிப் பணத்தோடு காணாமல் போனது, அந்தப் பற்றுச்சீட்டு இன்றும் பீரோவில் கிடக்கிறது. ஆகவே ஆலை வருவதானால், பழம் எடுத்த பதினைந்து நாளில் பணம், அதற்கு வங்கி உத்தரவாதம், வெட்டுக்கு முன்பே எழுதிய குறைந்தபட்ச விலை, இவை உரிமத்திலேயே நிபந்தனையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

எங்களுக்கு ஒரு வசதி உண்டு, நாசிக் விவசாயிக்கு இல்லாதது. அவர்கள் ஒயினுக்கென்று கேபர்னே, ஷிராஸ் என்று தனி ரகம் நட்டார்கள், ஆலை மூடினால் அந்தப் பழத்தைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். பன்னீர் திராட்சை இரண்டு பக்கமும் போகும். சந்தை நன்றாக இருக்கும் மாதத்தில் பெட்டிக்கு, சரிகிற மாதத்தில் தொட்டிக்கு.

பெரிய ஆலை ஒன்று வேண்டும் என்பது தேர்தலுக்குத் தேர்தல் எழுகிற கோரிக்கை. பள்ளத்தாக்கில் ஒயின் ஆலை என்பதும் புதுச் சங்கதி இல்லை, முன்பே ஒன்று வந்திருக்கிறது. எனக்கு ஆசை என்னவோ சின்ன ஆலைகள் மேல்தான், இருபது முப்பது விவசாயிகள் சேர்ந்த உற்பத்தியாளர் குழு நடத்துகிற ஆலை. மற்ற மாநிலங்களில் வழி திறந்துவிட்டார்கள். கேரளம் 2022-ல் அந்த மாநிலத்துப் பழங்களில் ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. கர்நாடகம் 2007-லேயே திராட்சை ஒயினுக்குத் தனிக் கொள்கை வகுத்தது. கோவா முந்திரிப் பழத்தில் காய்ச்சும் ஃபெனி மதுவுக்கு 2009-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அருணாசலப் பிரதேசத்தில் சிரோ பள்ளத்தாக்கின் தகே ரீட்டா என்ற பொறியாளர், விலை இல்லாமல் வீணாகிக்கொண்டிருந்த கிவிப் பழத்தில் 2017-ல் நாரா ஆபா என்ற ஒயினைக் கொண்டுவந்தார், அதற்கப்புறம் அந்தப் பகுதி விவசாயிகளின் கிவிக்கு ஒரு வாங்கும் இடம் கிடைத்தது. எங்கள் நிலைமைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அவர் கதைதான் என்று எனக்குத் தோன்றும்.

தமிழ்நாட்டில் சிக்கல் விற்பனையில். சில்லறை மது விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். ஒரு சின்னக் குழு செய்கிற சில ஆயிரம் பாட்டில் அந்த அலமாரியில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், என்ன இடம் பிடிக்கும்? வெளிநாட்டு ஒயினும் மலிவாகிக்கொண்டு வருகிறது. 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தப்படி 150 சதவீதமாக இருந்த சுங்கவரி, 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 100 ஆகக் குறைந்தது, இன்னும் வருஷா வருஷம் குறையும். விலையில் அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. எங்களிடம் இருப்பது இடமும் மணமும்.

இடம் என்று சும்மா சொல்லவில்லை. கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி, தேக்கடி. கேரளாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வண்டி கட்டி வந்து "முந்திரித் தோட்டம் எவிடெ" என்று கேட்டு (திராட்சைக்கு அவர்கள் மொழியில் முந்திரி) பந்தலுக்கு அடியில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். இரண்டு கிலோ பழம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அவர்களுக்கு விற்க எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. கார்த்திகை, மார்கழியில் இதே சாலையில் ஐயப்ப பக்தர்கள் போகிறார்கள், விரதத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு ஒயின் ஆகாது, நல்ல சாறு குடிப்பார்கள். சர்க்கரையும் எசென்ஸும் கலந்த சிவப்புத் தண்ணீரைத்தான் இன்று சாலையோரத்தில் குடிக்கிறார்கள், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவிலேயே! அதனால் குழுக்கள் முதல் வருஷம் சாற்றில் ஆரம்பிக்கட்டும் என்பது என் கருத்து. அதற்கு மது உரிமமும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். கையும் கணக்கும் பழகிய பிறகு ஒயினுக்குப் போகலாம். தேவாலயத் திருப்பலிக்கு வேண்டிய திராட்சை இரசமும் இருக்கிறது. தேவாலயம் இருக்கிற ராயப்பன்பட்டி போன்ற ஊர்களைச் சுற்றி இவ்வளவு பந்தல் இருக்கையில் அதைப் பற்றி ஏன் யோசிக்கக் கூடாது?

தென்னை நீராவுக்கு (பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத சாறு) 2017-ல் அரசு அனுமதி என்று அறிவித்தபோதும் எங்கள் பக்கம் நம்பிக்கை பிறந்தது. இறக்கிய சாறு புளிக்காமல் காக்கும் குளிர்ச் சங்கிலி ஊர்களுக்கு வரவில்லை, அனுமதி மட்டும் வந்தது. திராட்சைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

இப்போது அந்த முகம் சுருங்குகிற விஷயம். என் தங்கை கணவர் குடியால் போனவர், நாற்பது வயது முடியவில்லை. அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதில் எங்கள் பந்தலுக்கும் பங்கு உண்டு. இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். முதலில் கோபப்பட்டாள். "இருக்கிற கடை போதாதாண்ணே?" என்றாள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போன நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வார்கள். அங்கே கொன்றது மெத்தனால், ரசாயனத் தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிற விஷம். புளித்த பழச்சாறு அதுவல்ல. டாஸ்மாக் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால், ஒயினில் 11, 12. ஆனாலும் ஒயின் குடித்தால் மற்றக் குடி ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்கிறவர்களையும் நம்பமாட்டேன். அது மதுதான், அதற்குரிய கட்டுப்பாட்டோடுதான் இருக்க வேண்டும். தோட்டத்தில் மட்டும் விற்பனை, பகலில் மட்டும், மூடிய பாட்டிலாக மட்டும், உள்ளூரில் புதிதாக ஒரு கடைகூட வேண்டாம். பழம் அந்தப் பள்ளத்தாக்குப் பழமாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து சாராயம் ஒரு சொட்டுக் கலந்தாலும் உரிமம் போக வேண்டும். குழுவின் கணக்குப் பொறுப்பு பெண்கள் கையில் இருக்கட்டும் என்று தங்கை சேர்த்துச் சொன்னாள், அதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினரும் வேளாண் துறையும் இதைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்களிடம் ஒரு கோரிக்கை. விலை இறங்கும்போது மட்டும் வராமல் உங்கள் நிருபரை ஒருமுறை வெட்டு நாளில் அனுப்புங்கள். எங்கள் தோட்டத்தில் அடுத்த வெட்டு இன்னும் மூன்று வாரத்தில் இருக்கும், மழை பெய்யாமல் இருந்தால். விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுவோம், ஒன்பது மணிக்குள் பெட்டி ஏறிவிடும், அதனால் முந்தின நாளே வந்து தங்கிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.