நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்குச் சர்ப்பகந்தி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வெயில் விழாத வடபுறம், கிணற்றடி, மாமரத்தடி ஆகிய இடங்களில் ரோஜாவையும் செம்பருத்தியையும் வைத்துவிட்டு, பூக்கவில்லை என்று பிடுங்கி எறிகிறார்கள். அங்கே செழிக்க நம் காட்டுச் செடியே இருக்கிறது: சர்ப்பகந்தி. முழங்கால் உயரம்தான், சிவந்த காம்பில் கொத்தாக வெள்ளைப் பூ.

வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே களையாகப் பரவிய பாம்புக்களா. கணுவை உற்றுப் பாருங்கள். பாம்புக்களாவில் கணுவுக்கு நான்கு இலை, அதுவும் இரண்டு பெரிது, இரண்டு சிறிது. பூ மிகப் பொடி. சர்ப்பகந்தியில் பெரும்பாலும் மூன்றே இலை, ஏறக்குறைய ஒரே அளவு. பூவின் குழல் நீளமாக இருக்கும்.

கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து கழுவி, லிட்டருக்கு 100 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் விதையைப் போடுங்கள். மிதப்பது பொக்கு. மூழ்கியதை நன்றாக அலசி, ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் விதைக்கவேண்டும். முளைக்க மூன்று வாரமாவது ஆகும். பாதி முளைத்தாலே நல்ல விதை. பல மாதம் கிடந்த விதை வீண். விதை கிடைக்காவிட்டால், 5 செ.மீ. வேர்த்துண்டுகளை மழை தொடங்கும்போது படுக்கவைத்துப் புதைக்கலாம்.

ஈரம் பிடிக்கும் செடிதான், ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். களிமண்ணானால் மணலும் இலைமக்கும் கலந்து அரையடி மேடு போட்டு, செடிக்குச் செடி ஓரடி விட்டு நடுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாதீர்கள்; தண்ணீரைக் குறைத்தால் போதும், வெயில் ஏறும்போது துளிர்க்கும். இலையைச் சுருட்டும் புழுவைச் சுருளோடு கிள்ளி அழித்துவிடலாம்.

இதன் வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற இரத்த அழுத்த மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வேருக்காகத் தோண்டித் தோண்டியே காடுகளில் இச்செடி அருகிவிட்டது. எனவே காட்டில் பிடுங்கி வந்த செடியை விலை மலிவென்று வாங்கக்கூடாது. வீட்டில் வளர்த்தாலும் வேரை இடித்துக் குடிப்பது ஆபத்து; இரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடும். பழம் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அரசு நாற்றங்கால்கள் விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை, கணுவின் படத்தோடு பெயர் எழுதி விற்பனைக்கு வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூலிகைச்செடி வளர்ப்போர், தென்காசி