குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்பே வடிகால் தூர்வாரப்பட்டது. பொங்கல் விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. சந்தா பாக்கி பெரும்பாலும் வசூலாகிவிட்டது. இந்த ஆண்டு விரிவாகப் பேச வேண்டியது, எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான நம் பிள்ளைகளின் ஞாயிறு மாலைக் கூட்டத்தைப் பற்றித்தான்.

உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்களில் தன்னை அறிதலும் உண்டு, சிக்கலைத் தீர்த்தலும் உண்டு. இவற்றைப் பாடமாக நடத்தாமல், பிள்ளைகள் கையில் நிஜமான வேலையைக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். "நீ கெட்டிக்காரி" என்று நாம் எத்தனை முறை சொன்னாலும், தானே ஒரு காரியத்தை முடித்த பிள்ளைக்கு வருகிற நிமிர்வு அதில் வராது என்பது என் உறுதியான கருத்து.

முதல் கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் பெண்கள், டியூஷன் முடிந்து வரப் பயமாக இருக்கிறது என்றார்கள். "நான்தான் பயந்தாங்கொள்ளி" என்றாள் ஒருத்தி. எது பிரச்சினை என்று ஒரே வரியில் எழுதச் சொன்னோம். எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் வந்த வரி இது: "தண்ணீர்த் தொட்டிக்கும் கோயிலுக்கும் நடுவில் மூன்று விளக்குகள் எரியவில்லை." அதில் பயந்தாங்கொள்ளி யாரும் இல்லை. அப்புறம் என்னென்ன வழிகள் என்று யோசித்தார்கள்: வேறு தெரு, சேர்ந்து வருவது, மனு. முதல் மனுவில் கம்பத்தின் எண் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்மில் சிலர் உடனே போன் செய்து பேசத் தயாரானோம். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். டார்ச் அடித்துக் கம்பங்களில் எழுதியிருந்த எண்களைக் குறித்து, மறு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கி வந்தார்கள். இப்போது மூன்றும் எரிகின்றன.

தேர்வு முடிவு வந்தபோது கணக்கில் தோற்ற ஒரு பையன் வெளியே வரவே இல்லை. அவனுடைய நண்பர்களே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வைத்தார்கள். தேர்ச்சி பெற்று, ஆண்டு வீணாகாமல் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டான்.

இதையொட்டி ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நாம் மட்டும் மதிப்பெண் போட்டு பிளெக்ஸ் வைத்துக்கொண்டிருந்தோம். இனி வைப்பதில்லை என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். "அந்த வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்ற பேச்சை வீட்டிலும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளை சோர்ந்தே இருந்தால் தாமதிக்க வேண்டாம். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். எண் அறிவிப்புப் பலகையிலும் இருக்கிறது.

வரும் ஆண்டு கூட்டத்தைச் சனிக்கிழமையும் நடத்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். உடன் இருக்கப் பெரியவர்கள் இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்